உப்பில்லா வெண்ணெய்

முதலில் இடது காது அடைத்தது.
மலைப்பாதைப் பேருந்தில் அடைக்குமாமே, அதுபோல.
எச்சில் விழுங்கினால் திறந்துவிடும் என்றார்கள்.
விழுங்கிக்கொண்டே இருந்தேன், நாலு நாள்.
மலைக்கும் எனக்கும் என்ன தொடர்பு?
கெராந்து உப்பளத்தில்
கடல் மட்டத்துக்குச் சரிசமமாக வாழ்கிறவள் நான்.

ஐந்தாம் நாள். ஜூலை. கிழக்குக் காற்று,
உப்புப் பூக்கிற காற்று.
ஓரடி அகலக் களிமண் வரப்பில்
நீளக் கழியும் வாரும் பலகையுமாக நின்றேன்.
பாட்ஸ் ஊரின் மாதா கோயில் கோபுரம்
தன் இடத்தை விட்டு மெல்லக் கிளம்பியது.
திரும்பி வந்தது.
மறுபடி கிளம்பியபோது
வானத்தையும் கூட்டிக்கொண்டு போனது.

வரப்பைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன்.
வாந்தி என் பாத்தியிலேயே விழுந்தது.
"வெயில்" என்றான் பக்கத்துப் பாத்தி மெரியாடெக்.
தொப்பியைக் கழற்றி என் முகத்தில் கவிழ்த்தான்.
தொப்பிக்குள்ளும் சுற்றியது.
இரண்டு மணி நேரம் என் தோளை அழுத்திப் பிடித்து
உட்கார்ந்திருந்தான்.
அன்று அவன் பாத்திகளில் பூத்த உப்புப் பூவெல்லாம்
வாருவாரின்றி அடியில் மூழ்கிப்போனது.
அதை இன்றுவரை அவன் சொன்னதில்லை.
நான்தான் பார்த்தேன்,
தொப்பியின் ஓட்டை வழியாக.

சேன் நஸேரில் காது மருத்துவர் மதாம் கெர்வெல்லா
இசைக்கவையைத் தட்டி நடுநெற்றியில் வைத்தார்.
ஒலி முழுக்க வலப்பக்கம் சாய்ந்தது,
சரிந்த தட்டில் குழம்பு ஒதுங்குவதுபோல.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு நத்தைக்கூடு வரைந்தார்,
அதன் தலையில் மூன்று வளையங்கள்.
"இதற்குள் நீர்."
"எவ்வளவு?"
"ஒரு சொட்டுக்கும் குறைவு.
அது கூடிவிட்டது. சவ்வு உப்பி நிற்கிறது."

ஒரு சொட்டுக்கும் குறைவு!
எனக்கு அறுபது பாத்திகள்.
கடலிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து சேற்றுக்குளத்துக்கு,
அங்கிருந்து வளைந்து வளைந்து பாத்திக்கு.
ஒவ்வொரு மடையிலும் துளையிட்ட பலகை,
துளைக்கொரு மர ஆப்பு.
எதைப் பிடுங்கினால் எவ்வளவு வரும் என்று
இருட்டில் கேட்டாலும் சொல்வேன்.
இருபத்தாறு வருடம்
அரை விரல் பிசகாமல் நீரை நிறுத்தியவள்.

"இதற்கு ஆப்பு எங்கே?" என்று கேட்டேன்.
மதாம் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்தார்.
"வடிகால் போல ஒன்று இருக்கிறது.
ஏன் வடியாமல் போகிறது என்று
எங்களுக்கும் சரியாகத் தெரியாது.
மாத்திரை தருகிறேன்.
உப்பைக் குறையுங்கள், பாதிக்கும் கீழே."
பிறகு, "என்ன வேலை செய்கிறீர்கள்?"
சொன்னேன்.
இப்போது சிரித்துவிட்டார்.
உடனே மன்னிப்பும் கேட்டார்.

எங்கள் பக்கத்தில்
உப்பில்லா வெண்ணெய் வாங்குகிறவர்களுக்கென்றே
ஒரு பார்வை வைத்திருக்கிறார்கள்.
"விருந்தாளிகளா? பாரிஸிலிருந்தா?" என்றாள் கடைக்கார சொலென்.
"ஆமாம்" என்றேன்.
ஒன்றரை வருடமாகிறது.
விருந்தாளிகள் இன்னும் கிளம்பவில்லை.

இரவில் இடது காதில் இரைச்சல்.
வலது காதைத் தலையணையில் புதைத்தால்
உலகத்தில் அது மட்டும்தான்.
"ஏற்றமா, வற்றமா?" என்று ஜோஸ்லனை எழுப்புகிறேன்.
வற்றம் என்கிறான், கண் திறக்காமல்.
சொல்லும்போது அவன் விரல்
என் உள்ளங்கையில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுக்கிறது.
காது கேட்காவிட்டாலும் கை கேட்கட்டும் என்று.
சரி.
அப்படியானால் இந்தக் கடல் என்னுடையது.

இந்த ஜூனில் முதல் பூ.
காலைத் தேய்த்துத் தேய்த்து வரப்பில் நடக்கிறேன்,
கண்ணைக் கோபுரத்தில் கட்டிவைத்துக்கொண்டு.
அது அசைந்தால் உட்கார்ந்துவிடுவேன்.
யாரும் எதுவும் கேட்பதில்லை.
நீரின் மேல் மெல்லிய ஆடையாக நிற்பதை
அலுங்காமல் ஏந்தி எடுத்தேன்.
நாக்குக்கு எடுத்துப் போன விரல்
பாதியில் நின்றது.
பழைய பழக்கம்.

மெரியாடெக் பார்த்திருக்க வேண்டும்.
என் இடப்பக்கம் இருந்தவன்
பாத்தியைச் சுற்றிக்கொண்டு, ஐந்து வரப்பு நடந்து,
வலப்பக்கம் வந்து நின்றான்.
ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டான்.
"எப்படி?" என்றேன்.
நேரம் எடுத்துக்கொண்டான்.
"போன வருடத்தைவிடக் கொஞ்சம் மெல்லிசு" என்றான்,
கேட்கிற காதில்.